பலன் கருதிய தொண்டு

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், கல்லூரி நாட்களில் படிப்பைத் தவிர என்னென்ன செய்தார்கள் என்பதை ஒரு பொதுப் படிவத்தில் எழுத வேண்டும். அதில் அதிகபட்சம் 15 இடங்கள். அவற்றுள் 3-ஐ மட்டும் தேர்ந்து, வாழ்க்கையில் எனக்கு மிகவும் பொருள் தந்தவை இவை என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 1,325 எழுத்துக்குறிகளுக்குள் விளக்கம் தரலாம். என் அக்கா பேரன் நியூஜெர்சியில் எடிசனில் வளர்ந்தவன். உயிரியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தான். கோடை விடுமுறைக்குப் பம்பாயில், செம்பூரில் என்னோடு தங்க வந்தபோது இந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"சின்னப் பாட்டி, ஆஸ்பத்திரி சம்பந்தமில்லாத சேவையும் காட்டணும். நான் செய்யப்போறது அப்ளிகேஷனுக்காகத்தான். மறைச்சு என்ன பிரயோஜனம்? அப்படிச் செஞ்சா அது சேவையா?"

இவ்வளவு நேர்மையான கேள்வியை என் வேலைக்காலம் முழுவதும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் நகராட்சி மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தியாவில் இந்தப் பதவி முதன்முதலாக 1946-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் ஏற்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1936-ல் தொடங்கி, இப்போது தேவனாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போனேன். டாக்டர் நோயைப் பார்ப்பார். மாத்திரை வாங்கிப்போனவர் மூன்றாம் மாதம் ஏன் வரவில்லை என்று பார்ப்பது எங்கள் பாடு. தொண்டு செய்ய வருகிறவர்களை வரவேற்று வேலை பிரித்துக் கொடுப்பதும் எங்கள் மேஜைக்கே வரும். வேண்டுதல் நிறைவேறியதற்காக வந்தவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர்கள் உண்டு. புண்ணியத்துக்காக, சான்றிதழுக்காக, ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்தவர்களும் உண்டு. ஒன்றுமே வேண்டாமல் வந்தவர் என்று ஒருவரையும் என்னால் நினைவுகூர முடியவில்லை.

ஆனாலும் அவன் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நம் பழைய நூல்களே இதில் ஒரு குரலில் பேசவில்லை.

புறநானூற்றின் 134-ஆம் பாட்டில், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடுகிறார். இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று எண்ணி அறத்தை வியாபாரம் செய்கிறவன் இல்லை இவன். சான்றோர் நடந்த வழி என்பதால் கொடுக்கிறான் என்பது அதன் சாரம். மறுபிறவிப் பலனையே இப்படி ஒதுக்குகிறவர், மருத்துவக் கல்லூரி இடத்தை எப்படி ஏற்பார்? குறளுக்கு வந்தால் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23 ஈகை, உடனே 24 புகழ். இல்லறவியல் அந்தப் புகழோடு முடிகிறது. அருளுடைமை 25-ஆம் அதிகாரமாகத் துறவறவியலில்தான் வருகிறது. குடும்பத்தில் இருப்பவனுக்கு, கொடுத்தால் நாலு பேர் நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்புதான் என்று அந்த வரிசை ஒப்புக்கொள்வதாக நான் படிக்கிறேன். கீதையை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். பலனில் பற்று வைக்காதே என்று கண்ணன் சொன்னது, கடமையை விட்டு இறங்கப் பார்த்தவனைத் திரும்ப எழுப்பி நிறுத்துவதற்காக. வேலை கேட்டு வந்தவனிடம் முதலில் உன் மனத்தைக் கழுவிக்கொண்டு வா என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு அந்தச் சுலோகத்தைப் பயன்படுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

எனக்கு இதில் வழிகாட்டி அப்பர்தான். ஏழாம் நூற்றாண்டில் சமண மடத்தில் பெரிய பதவியில் இருந்தவர். சூலை நோய் கண்டது. அங்கிருந்தவர்களின் மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவோடு இரவாகத் திருவதிகைக்கு, அக்கா திலகவதியாரிடம் வந்து விழுந்தார். அந்த அம்மாள் பொழுது விடியுமுன் எழுந்து வீரட்டானக் கோயிலைப் பெருக்கி மெழுகுகிறவர். விடியலில் தான் போகும்போது தம்பியையும் கூட்டிப்போனார். நீ வலிக்காக வந்தாயா, பக்தியால் வந்தாயா என்று கேட்டதாகச் சேக்கிழார் எங்கேயும் சொல்லவில்லை. வலி தீர வேண்டும் என்று வந்தார், தீர்ந்தது. அதன் பிறகு அவர் கைக்கு வந்தது உழவாரம். ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார், கடைசிவரை. பாட்டு ஒரு பக்கம், புல் செதுக்கல் ஒரு பக்கம். தேவையோடு வந்த மனிதர் தொண்டராக முடியாது என்றால் சைவத்துக்கு அப்பரே இல்லை.

ஆகவே பேரனிடம் சொன்னேன்: எதற்காக வந்தாய் என்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. என்ன வேலையைத் தேர்ந்தெடுப்பாய் என்பதைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

இங்கேதான் பலன் கருதுவதன் உண்மையான கெடுதல் இருக்கிறது. அது மனத்தை அழுக்காக்குவதைவிட, கண்ணைத் திருப்பிவிடுகிறது. எழுதினால் நன்றாக இருக்கும் வேலைகள் பக்கம் கண் போகிறது. சின்னக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது, விழிப்புணர்வு முகாம், புதிதாக ஓர் அமைப்பு தொடங்கி அதற்குத் தலைவராவது. இவற்றில் தவறில்லை. ஆனால் இவை எல்லாவற்றிலும் என்ன செய்வது என்று முடிவு செய்கிறவர் கொடுப்பவர். வாங்குகிறவருக்கு அதில் பேச்சு இல்லை. வருகிறவரும், இரண்டு மாதத்தில் போய்விடுகிறவரும், மறுபடி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிற இன்னொருவருமாக, தேவனார், கோவண்டி, மான்கூர்டு பக்கத்து மக்கள் இதை ஏராளமாகப் பார்த்துவிட்டார்கள். 1927 முதல் நகரத்தின் குப்பையைத் தாங்கும் மைதானத்தை ஒட்டி வாழ்கிறவர்கள் அவர்கள். நல்லெண்ணத்தோடு வருகிறவர்களுக்கு அங்கே பஞ்சமே இருந்ததில்லை.

அவனுக்கு முதலில் ஆஸ்பத்திரி மேல்தான் ஆசை. அமெரிக்காவில் கிட்டவே விடாத இடங்களில் இங்கே தெரிந்தவர் மூலம் நுழைந்துவிடலாம் என்று அவன் நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். அதை நான் மறுத்துவிட்டேன். படிக்காத கை நோயாளியின் உடம்பில் பழகக் கூடாது. ஏழை நோயாளி மறுப்புச் சொல்லத் தெரியாமல் நிற்பார் என்பதால் அது இன்னும் கூடாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே, வெளிநாடு போய் இப்படிச் செய்யும் மாணவர்களுக்காக 2011-ல் எச்சரிக்கை கலந்த வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மருத்துவம் சாராத சேவையும் வேண்டும் என்று கல்லூரிகள் கேட்பது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. டாக்டராகப் போகிறவன், தன் வெள்ளைக் கோட்டுக்கு எந்த வேலையும் இல்லாத இடத்தில் ஒரு மனிதனுக்கு உபயோகமாக இருக்க முடிகிறதா என்று ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிராம்பே போகும் பஸ்ஸில் அவனைச் சீத்தா கேம்ப்புக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியில் ஜாக்கின் அற்புதம் பற்றிச் சொன்னேன். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1963-ல் தச்சு வேலை செய்ய பம்பாய் வந்தவர். மான்கூர்டில் அணுசக்தி மையத்தை ஒட்டி இருந்த ஜனதா காலனியில் குடியேறினார். அங்கே குப்பை அள்ள ஆளே வராது. அவர் பிள்ளைகளைத் திரட்டி, பிக்னிக் போகலாம் என்று அழைத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் நகராட்சி அலுவலக வாசலில் கொட்ட வைத்தார். அதன் பிறகுதான் நகராட்சி குப்பையைப் பற்றிப் பேச இறங்கி வந்தது. வயிற்றுப்போக்குக்கும் கொசுக்காய்ச்சலுக்கும் அதைவிட நேரான மருந்து அந்தத் தெருவில் வேறு இல்லை. அதைக் கொடுத்தவருக்கு மருத்துவம் தெரியாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், ஜனதா காலனியை இடித்துத் தள்ளி மக்களை இந்தச் சீத்தா கேம்ப்புக்கு ஏற்றி அனுப்பினார்கள். அவர் பிறகு தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை வழிநடத்தி, 2000-ல் மகசேசே விருது பெற்று, 2018-ல் காலமானார். அவர் அந்தக் குப்பையைத் தேடிப்போய்த் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவர் வாசலில் கிடந்தது.

"நான் இங்க குடியிருக்கலையே பாட்டி" என்றான். உண்மைதான். வெளியிலிருந்து வருகிறவன் அப்படியென்றால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் அவனை ஒருவரிடம் விட்டேன். விழுப்புரம் பக்கத்துக்காரர், மண்டாலா பழைய இரும்புக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். காசநோய்க்கு மாத்திரை எடுத்து முதல் இரண்டு மாதத் தீவிரக் கட்டம் முடிந்திருந்தது. சளியில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகே பையனை அவர் வீட்டுக்கு அனுப்பினேன். நோயாளி சாப்பாட்டுக்கென்று அரசு கொடுக்கும் நிக்‌ஷய் போஷண் பணம், 2018-ல் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பர் முதல் 1,000. அது நேராக வங்கிக் கணக்கில்தான் விழும். இவருக்கு ஒரு பைசா விழவில்லை. மருத்துவத்தில் ஒரு குறையும் இல்லை. மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தது. தடங்கல் பாஸ்புக்கில் இருந்தது.

அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பம்பாய்த் தமிழர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரியும். நமக்குப் பெயரும் ஓர் இன்ஷியலும் போதும். இந்த மாநிலத்தில் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் நிரம்பியாக வேண்டும். ஆதாரில் அவர் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. வங்கியில் அப்பா பெயர் முழுசாக, அதுவும் முன்னால். ரேஷன் கார்டில் எழுத்துப்பிழையோடு மூன்றாவது ஒரு மனிதர். இதற்கு மேல், பழைய செல்போன் நம்பர் தொலைந்துபோனதால் ஓடிபி யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. நெடுநாள் பணம் போடாததால் கணக்கும் முடங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் சரிசெய்ய ஒவ்வொரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நாள் கூலி போகும். காசநோய் மருந்து சாப்பிடுகிற மனிதருக்கு ஒரு நாள் கூலி என்றால் அந்த நாளின் முட்டையும் பாலும்.

பேரன் முதலில், நோய் பரவும் விதத்தை விளக்கித் தமிழில் படம் போட்ட சுவரொட்டி செய்து தரட்டுமா என்று அவரிடம் கேட்டான். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அதெல்லாம் ஆஸ்பத்திரில ஒட்டி வெச்சிருக்காங்க தம்பி. நீ எனக்கு ஒண்ணு பண்ணு. காலைல போய் டோக்கன் எடுத்து வரிசைல நில்லு. நம்பர் கிட்ட வரப்போ போன் பண்ணு, நான் கிடங்குலேர்ந்து ஓடி வந்துடறேன்."

அந்தக் கோடை முழுவதும் அவன் செய்தது பெரும்பாலும் அதுதான். வரிசையில் நின்றான். அவனுக்கு இந்தி வராது. அவருக்கு ஆங்கிலப் படிவம் புரியாது. கவுண்டரில் கேட்டதை அவர் தமிழில் சொல்வார், இவன் படிவத்தைப் படித்துச் சொல்வான். ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் அந்த ஜன்னலைத் தாண்ட முடியாது. பிரமாணப் பத்திரம், புது நம்பர் இணைப்பு, மறுபடி கைரேகை. மூட்டை தூக்கித் தேய்ந்த விரலில் ரேகை விழாது. அதற்குத் தனியாக ஒரு நாள். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒண்ணுமே நடக்கலை பாட்டி" என்பான். ஒன்றும் நடக்காத நாளில் அவருடைய கூலி மிச்சமாகியிருக்கும். அதை அவனிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பெரிய புராணத்தில் காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டரை எனக்கு அதனால்தான் பிடிக்கும். துணி வெளுக்கிறவர். சிவனடியார்களின் துணியை வெளுத்துத் தருவதே அவருடைய தொண்டு. குளிர்காலத்தில் ஒருநாள் கிழட்டு அடியார் ஒருவர் அழுக்குக் கந்தையோடு வந்தார். பொழுது சாயுமுன் திருப்பித் தர வேண்டும், குளிர் தாங்காது என்று அவர் சொல்ல, இவர் ஒப்புக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. துணி காயவில்லை, கிழவர் குளிரில் இருக்கிறார். வெளுக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொண்டார். அப்போது கை ஒன்று வந்து பிடித்தது என்பது கதை. அந்தப் புராணத்தில் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்தவர் இருக்கிறார், நாட்டையே விட்டவர் இருக்கிறார். இவருக்கு விதித்தது ஒரு துணி, ஒரு மாலைப்பொழுது. சொன்ன நேரத்துக்குத் தர முடியவில்லையே என்ற துடிப்புதான் அவருடைய சமயம் முழுவதும். கந்தை யாருடையதோ அவருடைய குளிர்தான் நேரத்தைத் தீர்மானித்தது.

மருத்துவராகப் போகும் பிள்ளைக்கு அந்தத் துடிப்பு எங்கே வரும்? சொன்ன நாளில் சொன்ன மணிக்குப் போகவில்லை என்றால் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு நஷ்டம் என்றிருக்கும் வேலையில் வரும். ஆகவே தொண்டு தேடி வருகிற இளம்பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீ வராத நாளில் யார் கவனிப்பார்? ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்றால் வேறு வேலை பார். பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கும் வேலையை நான் பலருக்குச் சொல்வதும் இதனால்தான். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டுதல், தேர்வர் தானே அழைத்துவரும் எழுத்தர், தேர்வரைவிட ஒரு படி குறைந்த படிப்புள்ளவராக இருக்க வேண்டும் என்றது. தேர்வர் சொன்னதை, சொன்னபடியே எழுத வேண்டும். விடை தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நீ வரவில்லையென்றால் ஒரு வருடம் போகும். பிற்காலத்தில் நோயாளி பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருக்கப் பழக, இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

புறப்படுவதற்கு முன் பேரன் இன்னொரு கேள்வி கொண்டுவந்தான். அந்த 1,325 எழுத்துக்குறிகளில் இவரைப் பற்றி எழுதலாமா? நான் பதில் சொல்லவில்லை. அவருடைய நோய், அவருடைய வறுமை. அனுமதி தர வேண்டியவர் அவர், அவரிடமே கேள் என்றேன். காசநோய் என்றால், வரிசை வீடுகளான சாலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் குழாய்த் தண்ணீரில்கூடப் பங்கு தரத் தயங்குவார்கள். ஊரில் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அது எழும். ஒருவருடைய துன்பம் இன்னொருவருடைய தகுதிச் சான்றாக மாறும் இடத்தில்தான், முடமோசியார் கண்டித்த வியாபாரம் உண்மையில் நடக்கிறது என்று நினைக்கிறேன். வந்த நோக்கத்தில் நடப்பதைவிட இங்கே அதிகம்.

அவர் யோசித்தார். "என் பேரு, வியாதி, ஊரு எதுவும் வேணாம் தம்பி. வரிசைய எழுது. மத்தியானம் சாப்பாட்டு நேரம்னு ஜன்னலை மூடிட்டு எல்லாரையும் நிக்க வெக்கறாங்கல்ல, அதை எழுது. பெரிய படிப்புப் படிக்கறவங்க அதைப் படிக்கட்டும்."

அவன் அப்படியே எழுதினானா, அது கல்லூரிக்காரர்களுக்குப் பிடிக்குமா என்பது என் கவலை இல்லை. என் கவலை, அவன் போன பிறகு அந்த மனிதரின் மிச்ச வேலையை யார் பார்ப்பது என்பது. வந்த முதல் நாளே, எந்தத் தேதியில் கிளம்புவாய் என்று அவரிடம் சொல்லிவிடு என்று சொல்லியிருந்தேன். எந்தப் படிவம் எங்கே இருக்கிறது, எந்தக் கவுண்டரில் யாரிடம் எதைக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கவும் சொல்லியிருந்தேன். அந்த நோட்டை வாங்கிக்கொள்ள, செட்டா நகர் முருகன் கோயிலுக்கு வருகிற ஒரு பெண் முன்வந்தாள். பன்னிரண்டாவது முடித்து நீட் தேர்வுக்கு இரண்டாம் முறை படிக்கிறவள்.

அவள் அம்மா என்னிடம் வந்தார். கோபம் இல்லை, பயம்தான். "அக்கா, 720 மார்க்குல ஒண்ணு ரெண்டு குறைஞ்சாலே எத்தனை பேர் முன்னால போயிடறாங்க தெரியுமா? அமெரிக்காக்காரனுக்கு இதெல்லாம் கேக்கறாங்க. இவளை யார் கேக்கப் போறா?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் மருத்துவக் கல்லூரி வாசலில் கேட்கிற ஒரே கேள்வி மதிப்பெண். உள்ளே போன பிறகுதான், தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் சில வீடுகளை மாணவரிடம் ஒப்படைக்கிறார்கள். அது நல்ல தொடக்கம்; ஆனால் அதுவும் பாடத்திட்டத்தின் பகுதி. யாரும் கேட்காத, எங்கேயும் எழுதிக் காட்ட முடியாத ஒரு வேலையை, அதற்கு விலையும் கொடுத்துக்கொண்டு இந்தப் பெண் செய்ய நினைக்கிறாள். ஆய் அண்டிரனுக்குச் செல்வம் இருந்தது. இவளிடம் இருப்பது நேரம் மட்டும், அதுவும் குறைவாக. தேர்வு மே மாதம் முடியட்டும், அதுவரை நோட்டு என்னிடம் இருக்கட்டும், நான் வரிசையில் நிற்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். பெண் ஒத்துக்கொள்ளவில்லை. வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை காலை மட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி இருக்காது என்று அவளுக்கு நினைவுபடுத்தினேன். அந்த நாட்களில் அந்த மனிதரின் ரேஷன் கார்டுப் பெயரைத் திருத்தும் படிவத்தை எழுதிவிடலாம் என்றாள்.